ஹெக்டேயின் கம்பிச் சுருளும் பட்டரின் வெள்ளரிக்காயும்

தொலைபேசித் துறையில் முப்பத்தொரு வருடம் கம்பம் ஏறி ஓய்வு பெற்ற திம்மப்ப ஹெக்டே, மறுநாள் காலையில் தம் வீட்டு மாமரத்தில் ஏறினார். "சம்பளம் நின்னாலும் ஏறுறது நிக்கலையே" என்று மனைவி கோதாவரி கீழே நின்று தலையில் அடித்துக்கொண்டாள். மாமரத்தின் உச்சியிலிருந்து ஒரு செம்புக் கம்பி புறப்பட்டு, வேலியைத் தாண்டி, அடுத்த தோட்டத்துக் கமுகு மரத்தின் கழுத்தில் நைலான் கயிற்றால் கட்டுண்டு நின்றது. அதுதான் அவருடைய அமெச்சூர் வானொலியின் ஆன்டெனா.

அந்தக் கம்பியை வைத்துக்கொண்டு ஹெக்டே பதினெட்டு வருடத்தில் தொண்ணூற்றொன்பது நாடுகளுடன் பேசியிருந்தார். பேச்சு என்றால் ஊர் நியாயம் உலக நியாயம் எல்லாம் இல்லை. "உங்கள் குரல் ஃபைவ் நைன், நன்றி, வணக்கம்." தெளிவுக்கு ஐந்து, பலத்துக்கு ஒன்பது, அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது. அவர்கள் ஊரான கானகோட்டில் எல்லாரும் பாக்கு எண்ணுவார்கள். ஹெக்டே நாடு எண்ணினார். நூறாவது நாட்டுக்குக் கிடைக்கும் சான்றிதழுக்காகச் சுவரில் ஓர் ஆணி அடித்து, அதில் எதையும் மாட்டாமல் வைத்திருந்தார். மழைக்காலத்தில் ஒருமுறை கோதாவரி அதில் குடையை மாட்டிவிட்டு இரண்டு நாள் பேச்சு வாங்கினாள்.

கமுகு மரத்தின் சொந்தக்காரர் விக்னேஸ்வர பட்டர், கோதாவரியின் அண்ணன். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் 'பாவா' என்றே அழைப்பார்கள். பட்டர் தாளமத்தளைக் கலைஞர்: வேடம் போடாமல், வேட்டியும் சால்வையுமாக உட்கார்ந்து, புராண பாத்திரமாகி எதிரே இருப்பவரை வாதத்தால் மடக்குகிறவர். எழுதி வைத்த வசனம் என்று ஒன்று அந்தக் கலையில் கிடையாது. நாக்குத்தான் ஆயுதம். முப்பது வருடத்தில் பட்டர் பதில் இல்லாமல் வாயடைத்ததாக யாரும் சொன்னதில்லை.

பங்குனியில் சொன்னார்கள். அன்று தம் வீட்டு ஆட்டத்தில் பட்டர் அசுர அரசன். ஒலிபெருக்கிகள் அதிர, "என் குரல் எட்டாத இடம் மூவுலகிலும் உண்டா?" என்று கர்ஜித்து மூச்சு வாங்கினார். அதே ஒலிபெருக்கியிலிருந்து ஹெக்டேயின் குரல் சாவதானமாக, "ஃபைவ் நைன், ஃபைவ் நைன், தேங்க்யூ" என்றது.

இருநூறு பேர் சிரித்து உருண்டார்கள். அசுரனின் வாய் திறந்தபடியே நின்றது. மறுநாள் முதல் சிர்சிச் சந்தையில் அவர் பெயர் 'ஃபைவ் நைன் பட்டர்'.

அவர் அரிவாளோடுதான் வந்தார்.

"பாவா, இனி ஒரு தடவை உன் குரல் என் பெட்டியில வந்தா, என் மரத்துல உன் கயிறு இருக்காது. தங்கச்சி புருஷன்னும் பாக்க மாட்டேன்."

"நான் பேசினது பிரேசில்காரன்கிட்ட, பாவா."

"அவன் சிரிக்கல. ஊரு சிரிக்குது!"

சித்திரையில் சோதனை வந்தது. பறவைகளைத் தவிர யாரும் வசிக்காத ஒரு தீவில் ஐந்தாறு பேர் படகில் போய் இறங்கி, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒலிபரப்பப் போகிறார்கள் என்று செய்தி. வானொலிக்காரர்கள் கணக்கில் அது தனி நாடு. ஹெக்டேக்கு நூறாவது. அங்கிருந்து அலை கானகோட்டில் வந்து விழுவது பிற்பகல் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில். பட்டர் வீட்டில் வேண்டுதல் தாளமத்தளை அதே ஞாயிறு, அதே மூன்று மணிக்கு.

மௌனமாக இருந்தால் தீவு போகும். பேசினால் கயிறு போகும். ஹெக்டே 'சோக்' என்னும் தடைச் சுருள் சுற்ற உட்கார்ந்தார்.

கோளாறு எங்கே என்பது அவருக்குத் தெரியும். ஆன்டெனாவுக்குப் போன மின்னோட்டத்தில் ஒரு பகுதி, பந்தியில் இடம் கிடைக்காத விருந்தாளி சமையலறை வழியாகத் திரும்புவது போல, கேபிளின் மேல்தோல் வழியாக வீட்டுக்கே திரும்பி, கண்ட கம்பியிலும் ஏறுகிறது. ஆன்டெனாவின் அடியில் கேபிளையே சில சுற்றுகள் சுருட்டிவிட்டால், உள்ளே போவது போகும். தோலோடு திரும்புவதற்கு வழி அடைபடும்.

முதலில் கேபிளைத் தாம்புக்கயிறு போல அள்ளிச் சுருட்டி மரத்தில் கட்டினார். அண்ணன் வீட்டு ஒலிபெருக்கியின் முன் கோதாவரி காவல் வைக்கப்பட்டாள்.

"ஹலோ, ஒண்ணு, ரெண்டு... கேக்குதா?"

"கேக்குது! சளி பிடிச்ச மாதிரி கேக்குது!" என்று வேலிக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

ஹெக்டே நோட்டில் 'சளி' என்று எழுதிக்கொண்டார். குற்றம் புரிந்தது. அள்ளிச் சுருட்டினால் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒட்டிக்கொள்ளும். விருந்தாளி ஒரே எட்டில் இந்தப் பக்கம் தாண்டிவிடுவான். நாலங்குலப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அறுத்து, துளையிட்டு, கேபிளைச் சுற்றின்மேல் சுற்று ஏறாமல் பக்கம் பக்கமாக எட்டுச் சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் எதிரெதிரே பிரித்து இறுக்கினார்.

"இப்ப?"

"வார்த்தை இல்ல! தவளை மட்டும் கத்துது!"

அந்தத் தவளை மூன்று நாள் போகவில்லை. நாலாம் நாள் ஹெக்டே பட்டர் வீட்டுக் கூடத்தில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார். மைக்கிலிருந்து பெட்டிக்கு முப்பதடி மலிவு ஒயர் ஓடியது. அதுவே ஓர் ஆன்டெனா.

"பாவா, மீதிக் குத்தம் உன் ஒயர்ல. அதுக்கும் ஒரு சோக் சுத்தணும்."

"சோக்கா? என் மைக் என்ன ட்யூப் லைட்டா?"

"பருமனா, உருண்டையா எதையாவது குடு. என்கிட்ட குழாய் தீர்ந்துபோச்சு."

உத்தரத்தில் வாழை நாரில் தொங்கிய சாம்பார் வெள்ளரிக்காய்களில் நல்ல பருமனான ஒன்றைப் பட்டர் இறக்கினார். ஹெக்டே அதன் விட்டத்தை இருமுறை அளந்து, ஒயரைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் ஒட்டினார். தவளை செத்தது. பட்டர் வெள்ளரிக்காயைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஏனோ அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"சுத்தமா வராதா, பாவா?"

"சுத்தமா வராது."

"ம்," என்றார் பட்டர்.

ஞாயிறு மூன்றரைக்குத் தீவு கேட்டது. ஹெக்டே ஹெட்போனை மாட்டிக்கொண்டு அழைத்தார். உலகமே அழைத்தது. கல்யாணப் பந்தியில் பாயச வாளி ஒன்று, கிண்ணம் இருநூறு. நாலு மணி ஆயிற்று; தொண்டை கரகரத்தது. நாலரைக்குத் தீவின் சத்தம் தேயத் தொடங்கியது. நாலு நாற்பதுக்கு அந்தக் குரல் அவருடைய அழைப்புக் குறியை, ஓர் எழுத்தும் பிசகாமல், திரும்பச் சொன்னது.

ஹெக்டே எழுந்தே நின்றுவிட்டார். "ஃபைவ் நைன்! ஃபைவ் நைன்! தேங்க்யூ!" என்று, அலையை நம்பாதவர் போல, வாய்விட்டுக் கத்தினார். பிறகு ஆணியில் தொங்கிய குடையை எடுத்துக் கீழே வைத்தார். கோதாவரி மறுபடியும் மாட்டியிருந்தாள். அன்று ஒரு பேச்சும் இல்லை.

ஆறு மணிக்குச் சாப்பாட்டுக்காக வேலியைத் தாண்டும்போது கோதாவரி எதிரே ஓடி வந்தாள். சிரிப்பில் அவளுக்கு மூச்சு முட்டியது.

"உங்க குரல் வந்துதே! பெட்டியில வந்துதே!"

ஹெக்டேயின் கண் முதலில் கமுகு மரத்துக்குப் போனது. கயிறு இருந்தது.

"அண்ணா 'என் குரல் எட்டாத இடம் உண்டா'ன்னு கேட்டுட்டு, சும்மா இருந்தான். ஒரு நிமிஷம் இருந்தான். அடுத்த பேச்சு மறந்துட்டானோன்னு நான் பயந்தேன். இன்னொரு தடவை கேட்டான். மூணாந்தடவையும் கேட்டான்! அதுவரைக்கும் தவளைச் சத்தம்தான்; அப்பத்தான் நீங்க 'ஃபைவ் நைன்'ன்னு கத்தினீங்க, கத்தின கத்துல வார்த்தையே வந்துடுச்சு."

"அப்புறம்?"

கோதாவரி அண்ணனைப் போலவே சால்வையை உதறித் தோளில் போட்டுக் காட்டினாள். "'கேட்டாயா, தூதனே! ஆகாயமே எனக்கு மதிப்பெண் போடுகிறது. ஐந்துக்கு ஐந்து, பத்துக்கு ஒன்பது. அந்த ஒன்றை என் குரலில் குறைத்தவன் எவன் என்று விசாரிக்கத்தான் தேவலோகத்தின்மீது படையெடுக்கிறேன்!' கைதட்டல் நிக்கவே இல்ல. எதிர்ல தூதனா இருந்தவருக்குப் பேச்சே வரல."

பந்தியில் பட்டர் எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து அரசனைப் போலக் கை காட்டி, ஹெக்டேயைத் தமக்குப் பக்கத்து இலையில் உட்கார வைத்தார். ஹெக்டேக்குக் குழப்பம் தீரவில்லை. எட்டுச் சுற்று, பன்னிரண்டு சுற்று, நாலு நாள் சோதனை, நோட்டில் எல்லாம் பதிவு. பின் எப்படி?

சாம்பார் வந்தது. வெள்ளரித் துண்டு ஒன்றை விரலால் புரட்டினார். தோலோடு வெந்திருந்த அந்தத் துண்டின் முதுகில் ஓர் அங்குல நீளக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

ஹெக்டே அதைப் பார்த்தார். பட்டர் அப்பளத்தைப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரி நாகவேணி காய் பத்தலைன்னா, பாவா," என்றார் அப்பளத்திடமே. "நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"உத்தரத்துல இன்னும் பதினஞ்சு தொங்குதே."

"ஒரு மாசமா ராத்தூக்கம் இல்லாம யோசிச்ச பதிலு. கேள்வியே வராம நீ அடைச்சுட்டா, அதை நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?"

ஹெக்டே டேப்பைப் பிரித்து, இலை ஓரத்தில் ஒட்டிவிட்டு, துண்டைத் தின்றார். நன்றாக வெந்திருந்தது.

"ஆடியில சிர்சியில எனக்கு மறுபடியும் அசுரன்," என்று பட்டர் குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு எந்த நாடு?"

"நூறு முடிஞ்சுது, பாவா. சிர்சிக்கு என் குரல் வரவும் வராது."

பட்டர் அப்பளத்தை நொறுக்கினார். "அப்ப ஆட்டத்தை இங்கயே வெக்கச் சொல்றேன். நீ நூத்தி ஒண்ணைத் தேடு."