சின்ன முதலாளி காருக்கு ஜீப் இஞ்சின்

ஆமத்தூர் ரோட்டில் தகரக் கூரை போட்ட பட்டறை லட்சுமிகாந்தத்துடையது. அப்பா அடுத்தவர் காட்டில் களை வெட்டினார். மகன் மதுரையில் லாரிப் பட்டறையில் கிரீஸ் துடைத்துத் தொழில் பழகினார். முப்பது வருடமாக அடுத்தவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. லாரியும் டிராக்டருமாகப் பார்த்துச் சலித்த கைக்கு, அந்த வருட ஆனியில் வேறுமாதிரி ஒரு வேலை வந்தது.

பட்டாசுக் கம்பெனியின் சின்ன முதலாளி செல்வக்குமார், தாத்தாவின் காரைக் கட்டி இழுத்துவந்தார். இரண்டே பேர் உட்காரும், கூரையில்லாத, இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இஞ்சின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

“இத வீசிட்டு இந்தக் காலத்து இஞ்சினா ஏத்திருங்க, அஞ்சு கியர் பெட்டியோட. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயில்ல நான் இதுல போய் எறங்கணும்.”

“இந்தக் காலத்துக் காரெல்லாம் முன்சக்கரத்துல ஓடுது; இது பின்சக்கரத்துல ஓடுற வண்டி, மொதலாளி. ஜீப் இஞ்சின்தான் உக்காரும்” என்றார் லட்சுமிகாந்தம்.

“ஜீப்பு கொண்டுவர்றது என் பொறுப்பு.”

லட்சுமிகாந்தம் அளவெடுத்து, கியர் பெட்டிக்கு இடம் பண்ணக் காரின் தரையை நடுவில் வெட்டி அகலப்படுத்தினார். வெல்டர் ஊர்க்காவலன் இஞ்சினைத் தாங்கப் புதுக் கால்களைப் பற்றவைத்தார்.

“அண்ணாச்சி, இதுல புள்ளகுட்டி எங்கன உக்காரும்?”

“அதுக்குப் பின்னால வேன் வரும்லே. பணக்காரன் சாமி கும்பிடப் போறதுன்னா சும்மாவா?”

சனிக்கிழமை கம்பெனி விட்ட பிறகு ஒரு ஜீப் வந்தது. இதன் இஞ்சினைக் கழற்றிக் காரில் மாட்டச் சின்ன முதலாளி சொன்னார் என்று சாவியைக் கொடுத்துவிட்டு டிரைவர் போய்விட்டார். மீட்டரைப் பார்த்த லட்சுமிகாந்தத்துக்கு நிம்மதி. அதிகம் ஓடாத வண்டி. ஸ்டார்ட்டர் மட்டும் தேய்ந்திருந்தது. இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் பிடித்தது. ஓடாத வண்டிக்கு அது ஏன் தேய வேண்டும் என்று ஆராய அவருக்குத் தெம்பில்லை.

ஞாயிறு மதியம் இஞ்சின் காருக்குள் உட்கார்ந்தது. சாவியைத் திருப்பினார். இருமி, இருமி, பிடித்தது. சோற்றுத் தூக்கோடு அப்போதுதான் உள்ளே வந்த மனைவி ராமுத்தாய் அப்படியே நின்றுவிட்டார்.

“இது எங்க ஜீப்பு சத்தம்லா? இதுக்குள்ள எப்பிடி வந்துச்சு?”

ராமுத்தாய் அதே கம்பெனியில் பட்டாசுக் குழாய்களில் வெடிமருந்து செலுத்துகிறவர். முன்பு ஒரு சீசனில் கூட வேலை பார்த்த பஞ்சம்மாள் மருந்து பற்றி வெந்து கிடந்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கேட்டில் நின்ற வண்டி கிளம்பவில்லை. அதிலிருந்து பெண்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். தினமும் காலையில் கேட்டுக்கு வெளியே வாட்ச்மேன் அவசரத்துக்கு நிற்கும் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணிக் காட்ட வேண்டும். சத்தத்தைக் காதால் கேட்ட பிறகே உள்ளே கால் வைப்பார்கள். வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். களைத்து வந்து சாப்பிடுகிற மனுஷன் ‘உம்’ கொட்டினாரே தவிர, எந்த ஜீப் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“கேட்டிருக்கணும். கேக்கல” என்று லட்சுமிகாந்தம் இஞ்சினை அணைத்தார்.

பொழுது சாயச் செல்வக்குமார் வந்தார். நாளைக்குக் கேட்டில் என்ன நிற்கும் என்று ராமுத்தாய் கேட்டார்.

“ஆடி முடிஞ்சதும் வேற ஜீப் வாங்கிப் போட்ருவேன். அதுவரைக்கும் லோடு வண்டி இருக்குல்ல?”

“லோடு வண்டி வெடிய ஏத்திக்கிட்டு எங்கன போயிருக்குமோ! உடம்பு வெந்தவ அது வர்ற வரைக்கும் காத்துக்கிடப்பாளா?” என்றார் ராமுத்தாய்.

“எல்லாம் ஆத்தா பாத்துக்கிடுவா. நான் அவ சன்னதிக்குத்தான போறேன்?”

முதலாளிகளின் பக்தி எப்போதும் இப்படித்தான். ஓட்டம் தங்களுக்கு, காவல் ஆத்தாளுக்கு. பஞ்சம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எந்த ஆத்தாளும் ஸ்டியரிங் பிடிக்கவில்லை.

“ஆத்தா வண்டி ஓட்டுவாளா, மொதலாளி? நாளைக்குக் கேட்டுல ஜீப்பு நிக்கலைன்னா ஒருத்தி உள்ள வரமாட்டா. சீசன் ஆர்டர நீங்களே செலுத்திக்கோங்க.”

செல்வக்குமார் லட்சுமிகாந்தத்தைப் பார்த்தார். பெண்டாட்டியை அடக்கு என்கிற பார்வை. லட்சுமிகாந்தம் காரின் முன்மூடியைத் தூக்கினார்.

தீபாவளிச் சரக்கு தேங்கினால் என்ன ஆகும் என்று செல்வக்குமாருக்குத் தெரியும்.

“திரும்ப ஜீப்புலயே மாட்டித் தொலைங்க. ஆனா இனி எங்க வண்டி ஒண்ணுகூட இந்தப் பட்டறைக்கு வராது” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார்.

பாதி வருமானம் அந்தக் கம்பெனி வண்டிகளால்தான். லட்சுமிகாந்தம் முனகிக்கொண்டே காருக்கு அடியில் நுழைந்தார்.

“மத்தியானச் சோறு அப்பிடியே கெடக்கே. ஒரு வாய் சாப்பிட்டுட்டுச் செய்யலாம்லா?”

“இப்ப ஆரம்பிச்சாத்தான் விடியறதுக்குள்ள அங்கன நிறுத்தலாம். இஞ்சினத் தூக்கணும், சங்கிலியப் பிடி.”

ராமுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சங்கிலியைப் பிடித்தார்.