இடது காலுக்குக் கொடுத்த நேரம்

என் மகள் மறுபடி நடக்கத் தொடங்கியபோது நான்தான் அவளுக்குப் பாடினேன். தப்பாகப் பாடினேன்.

ராயப்பேட்டை சிக்னலில் ஒரு வேன் அவளுடைய ஸ்கூட்டரை இடித்துவிட்டுப் போனது. இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. கம்பி வைத்தார்கள். மூன்று மாதம் படுக்கை. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் அவள் நொண்டினாள். ஊன்றப் பயம். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபி பெண் ஒளிக்காமல் சொன்னாள்:

"இப்பவே சரி பண்ணலன்னா இதுவே பழக்கமாயிடும் சார். ரெண்டு காலுக்கும் ஒரே அளவு நேரம் குடுக்கணும். ஏதாவது பாட்டு பாடி அதுக்கு நடக்க வைங்க."

பாட்டு என்றதும் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. எங்கள் மந்தைவெளிக் குடியிருப்பில் கிருத்திகைதோறும் பஜனை உண்டு. அதில் கடைசியாக நான் பாடும் முருகன் பாட்டு, காவடி எடுத்து நடக்கிறவர்கள் பாடும் வகை. செஞ்சுருட்டி ராகம். சும்மா நிற்கிறவர் காலும் ஆடும்.

மூன்றாம் மாடியில் எங்கள் கதவிலிருந்து லிஃப்ட் வரை நாற்பது தப்படி இருக்கும். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். அவள் முழங்கைக்கு அடியில் என் கை, அவள் பாதத்தில் என் கண். வழக்கமாக இரண்டு கட்டை சுருதியில் எடுப்பேன். அன்று தொண்டை ஒன்றைத் தாண்டவில்லை. துள்ள வேண்டிய வரிகள் கெஞ்சின. அவளுக்குக் கம்பி வைத்த அன்று ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து இதே பாட்டை முணுமுணுத்ததைப் போலவே இருந்தது.

நாலு நாள் போயின. நொண்டல் அப்படியே இருந்தது. ஐந்தாம் நாள் அவள் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, உன் பாட்டுதான் நொண்டுது."

"என்னது?"

"இடது கால் வரும்போதெல்லாம் இழுக்கற. வலது காலுக்கு ஓடற. நானும் அப்படியே நடக்கறேன்."

வாசற்படியில் நின்றிருந்த மனைவியும் சேர்ந்துகொண்டாள். "நானும் நாலு நாளா கேக்கறேன். தாலாட்டு மாதிரி இருக்கு. அவ நடக்கணுமா, தூங்கணுமாங்க?"

தொடையில் தட்டிப் பாடிப் பார்த்தேன். உண்மைதான். அந்தக் கால் பத்திரமாகத் தரையைத் தொடும்வரை தாளத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். பஜனையில் யாராவது தாளம் தப்பினால் முறைக்கிற ஆள் நான்.

மனைவி பூஜை அலமாரியிலிருந்து ஜால்ராவை எடுத்து வந்து தட்டினாள். அப்போதும் பாட்டு இழுத்தது. கண்தான் அந்தப் பாதத்தை விடவில்லையே.

"நீ முன்னாடி போப்பா. திரும்பிப் பாக்காம பாடு," என்றாள் மகள்.

"விழுந்துட்டீன்னா?"

"விழுந்தா சத்தம் கேக்கும். அப்போ திரும்பு. கொஞ்சம் மேல எடு, காதுலயே விழல."

இன்றைக்கும் தெருவில் பிரேக் கிறீச்சிட்டால் ஜன்னலுக்கு ஓடிப் பார்க்கிறேன். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பது எனக்கு எளிதாக இல்லை. இரண்டு கட்டையில் எடுத்தேன். குரல் ஒரு கணம் பிசிறி, பிறகு சுருதியில் நின்றது. ஜால்ரா சீராக விழுந்தது. பின்னால் ஒரு ஷூ அழுத்தமாகவும் மற்றது தேய்த்துக்கொண்டும் வந்தன. பல்லவி முழுக்க அப்படித்தான். அனுபல்லவியில் தேய்ப்பு குறைந்தது, நடுவில் ஒருமுறை தடுமாறியது. நான் திரும்பவில்லை. சரணத்துக்கு வந்தபோது எது இடது, எது வலது என்று காதால் பிரிக்க முடியவில்லை.

பாடுவதை விட்டுவிட்டு அதையே கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்தின?" பின்னாலிருந்து அதட்டினாள். "லிஃப்ட் இன்னும் வரல."

பாடினேன்.