திருப்பிச் சொன்ன வார்த்தை

போன வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது. ராமநாதபுரத்திலிருந்து தொண்டிக்குப் போகும் பஸ்ஸில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் எட்டு வயது மகளுக்குக் கடும் காய்ச்சல். தொண்டியில் ஒரு கிளினிக்கில் அவள் அப்பாவோடு இருந்தாள்.

நானும் அவரும் பிரிந்து மூன்று வருடமாகிறது. அவர் விசைப்படகு ஓட்டுகிறார். நான் ராமநாதபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். தடைக்காலமும் பள்ளி விடுமுறையும் சேர்ந்தே வருவதால், அந்த நாட்களில் பிள்ளை அவரிடம் இருப்பாள். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் அவளிடம்தான் சொல்லி அனுப்பினோம். ‘உங்கப்பாகிட்டச் சொல்லு’ என்று நான், ‘உங்கம்மாகிட்டச் சொல்லு’ என்று அவர். பை கட்டினாலே பிள்ளைக்கு வயிறு வலிக்கத் தொடங்கியது. அதன் பிறகுதான், இனி நாமே பேசிக்கொள்வோம், அதுவும் அவளைப் பற்றி மட்டும் என்று முடிவெடுத்தோம். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த முடிவைக் காப்பாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவரிடம் ஒரு பழக்கம். நான் எதைச் சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்வார். கேலி செய்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“கடல்ல வயர்லெஸ்ல ஒருத்தன் சொன்னா கேட்டவன் திருப்பிச் சொல்லணும். காத்துல பாதி வார்த்தை போயிரும்ல” என்றார்.

பிள்ளைக்குப் பென்சிலின் ஊசி ஆகாது. சிறு வயதில் ஒருமுறை போட்டு, முகம் வீங்கி மூச்சுத் திணறிவிட்டாள். அன்று அவர் கடலில் இருந்தார். அதனால் விடுமுறைக்கு அனுப்பும்போதெல்லாம் அதைச் சொல்வேன். அவரும் திருப்பிச் சொல்வார்.

பஸ்ஸில் இருந்தபடியே, நர்ஸ் ஊசி போடக் கூப்பிடுவதைப் போனில் கேட்டேன். “பென்சிலின் ஆகாதுன்னு சொல்லுங்க” என்று கத்தினேன். “கேக்கலையே, கேக்கலையே” என்றார் அவர். சற்றுக் கழித்து அவர் யாரிடமோ பேசுவது தெளிவாகக் கேட்டது.

“சிஸ்டர், பிள்ளைக்குப் பென்சிலின் ஊசி ஆகாது. மொகம் வீங்கி, மூச்சு முட்டும். அவங்கம்மா சொல்லிருக்காங்க.”

அத்தோடு லைன் போய்விட்டது. பஸ்ஸில் எல்லோரும் பார்க்க அழுதேன். அவரை நினைத்துப் பெருமை. இத்தனை நாள் வாயை அடக்கிய என்னை நினைத்தும் பெருமைதான்.

நான் போனபோது பிள்ளை கிளினிக் வாசலில் பன்னைப் பாலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

“ஊசி போடல. மாத்திரைதான். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்ட பொறகு. நாளைக்கும் காய்ச்சல் விடலன்னா கூட்டிட்டு வரணும்” என்றார் அவர்.

நான் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னேன். “சரி” என்றார். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள்.

மறுபடி ஒரே வீட்டில் வாழ எங்களால் ஆகாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அப்பா அம்மாவாக நாங்கள் தோற்கவில்லை என்று யார் முன்னாலும் தலைநிமிர்ந்து சொல்வேன். இப்போதெல்லாம் விடுமுறைக்குப் பை கட்டினால் பிள்ளைக்கு வயிறு வலிப்பதில்லை.