மூன்று பேர் வந்தால்தான் கிளம்பும் வண்டி

ரவாங் தொழிற்சாலையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்த நேரம். காவலர் அறைக்கு எனக்குத் தொலைபேசி வந்திருப்பதாக ஆள் வந்து சொன்னான். கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்தேன். பரமு பேசினான்.

“குமாரு, நடராஜண்ணன் போயிட்டாரு லா.”

“நீ பார்த்தியா, இல்ல யாராச்சும் சொன்னாங்களா?”

 “பார்த்துட்டுத்தான் பேசறேன். ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறேன்,” என்றான். தோட்டத்து எடைக் கொட்டகையில் ரப்பர் பால் நிறுத்துக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். பரமுதான் தன் லோரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நான் கேட்ட கேள்வி என்னுடையது அல்ல, அவருடையது. பத்தாங் பெர்சுந்தைப் பக்கத்துத் தோட்டங்களில் கணக்கெழுதும் கிராணி நடராஜனைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அந்தக் கேள்வியை வாங்கியிருப்பீர்கள். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட, “பார்த்தியா, கேட்டியா?” என்பார்.

இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தா என்று கோயில் இளைஞர் மன்றத்தில் கேட்டார்கள். அவர் யாரையும் நம்பாத மனிதர். நானும் அவரை நம்பியதில்லை. இதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவருக்கான அஞ்சலியாகிவிடும். அதனால் இருந்ததை இருந்தபடியே எழுதுகிறேன்.

தோட்டத்துத் துரை வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியபோது பங்களா கொட்டகையில் கிடந்த ஒரு வண்டியை விற்றுவிட்டுப் போவதாக இருந்தார். ஆஸ்திரேலியாவில் செய்த பழைய வண்டி. இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், ஆள் படுத்துறங்கும் அளவுக்கு பானெட். கோழிகள் உள்ளே குடியிருந்தன. நான், லோரி ஓட்டும் பரமு, நடராஜண்ணன் மூவரும் சேர்ந்து வாங்குவதாகப் பேச்சு. நான் எஞ்சினைப் பார்த்தேன். பரமு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே வண்டி ஓட்டினான். அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கியது. துரை பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அதை வண்டியின் உடம்பெல்லாம் நகர்த்தினார். இடது கதவின் கீழே ஓரிடத்தில் காந்தம் ஒட்டாமல் தரையில் விழுந்தது.

“இங்க தகரம் இல்ல, சார். பள்ளத்துல அடைச்ச வெறும் மாவு. பெயிண்ட் அடிச்சு மூடியிருக்கு,” என்றார்.

துரைக்கு முகம் சிவந்துவிட்டது. அந்தக் கதவு நசுங்கிய கதை அவருடைய மனைவிக்கே தெரியாது என்று பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதுதான், பார்க்கவில்லை.

மூவரும் பணம் போட்டு வாங்கி, வண்டியை அண்ணன் வீட்டுக் கொட்டகைக்கு இழுத்து வந்தோம். கிராணி வீடு என்பதால் இடம் தாராளம். வண்டியின் பதிவுக் கார்டு அவர் பேரில். ஞாயிறுதோறும் நாங்கள் கூடுவோம். துரு தின்ற தரைத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். எண்ணெய் டிரம்மை வெட்டி பானெட் மேல் காற்று வாங்கும் மேடு ஒன்று செய்தேன். அகலமான சக்கரங்கள், இரட்டைப் புகைக்குழாய், ஆரஞ்சு நிறம், நடுவில் கறுப்புப் பட்டை. பட்டை நேராக இருக்கிறதா என்று அண்ணன் நூல் பிடித்துப் பார்த்தார். எஞ்சின் போல்ட்டுகளை நான் முறைப்படி முறுக்கி முடித்துச் சிவப்புப் புள்ளி வைத்தால், அவர் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இன்னொரு புள்ளி வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“ஏண்ணே, நான் இதுக்குத்தான் படிச்சிட்டு வந்திருக்கேன்.”

“அதான் இன்ஜினியரு, ரெண்டாவது புள்ளி. படிக்காதவனா இருந்தா மூணு வச்சிருப்பேன்.”

நான் இன்ஜினியர் இல்லை, டெக்னீஷியன். அது தெரிந்துதான் அப்படிக் கூப்பிடுவார்.

ஒரு தடவை எஞ்சின் விக்கி விக்கி நின்றது. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்துவிட்டார்கள் என்று அண்ணன் முடிவு கட்டினார். ரப்பர் பாலில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று பார்க்கத் தோட்டத்தில் ஒரு மிதவை வைத்திருப்பார்கள். அதை எடுத்துவந்து வாளிப் பெட்ரோலில் விட்டார். அது மிதக்கவே இல்லை, நேரே அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. “பாலுக்குச் செஞ்ச மிதவை பெட்ரோல்ல மிதக்காதுண்ணே, பெட்ரோல் லேசு,” என்று நான் கத்தினேன். பரமு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “இருக்கட்டும்,” என்றார் அண்ணன். “பெட்ரோல்காரன் மேல சந்தேகம் சந்தேகந்தான்.” கடைசியில் பார்த்தால் கார்புரேட்டரில் கோழி இறகு.

முதல் ஓட்டத்தில் பாகான் நக்கோடா ஓமார் வரை போய் மீன் வாங்கி வந்தோம். நேரான கடலோரச் சாலை. மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வயல்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். திரும்பி வந்து இறங்கியதும் அண்ணன் மீனைக்கூட உள்ளே கொடுக்காமல் சொன்னார்:

“வண்டி மூணு பேருக்குச் சொந்தம். மூணு பேரும் வந்தாத்தான் ஸ்டார்ட் ஆகணும்.”

அன்றிலிருந்து அதுதான் சட்டம். சாவி பரமுவிடம். மின்சாரத்தை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் காயில் வயர் என்னிடம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழலும் ரோட்டர், கட்டைவிரல் அளவுத் துண்டு, அண்ணனின் சட்டைப் பையில். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வண்டி வெறும் தகரம்தான். ஊரில் சிரித்தார்கள். எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. ஒரு ஞாயிறு பரமு சாவியைக் கொட்டகையிலேயே மறந்துவிட்டுப் போனான். மறுநாள் அண்ணன் அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். ஒரு நாள் முழுக்க சாவி அவர் கையில். அதற்கடுத்த வாரம் காப்பாரிலிருந்து கார் வியாபாரம் செய்யும் தவுக்கே, முதலாளி ஒருவன், வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதாகப் பரமு செய்தி கொண்டுவந்தான். நான் யாரிடமும் சொல்லாமல் டயரிலும் தரையிலும் ஒரே நேராகச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்தேன். மறு ஞாயிறு இரண்டு கோடும் இரண்டு திசையில் இருந்தன.

நேராகவே கேட்டேன். “தவுக்கே வந்தானா?”

“வந்தான். பார்த்தான். போனான்.”

“வண்டி ஓடியிருக்கு.”

“நகர்ந்திருக்கு. ஓடல. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமயா உனக்கு சர்டிபிகேட் குடுத்தாங்க?”

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். கார்டு அவர் பேரில், வண்டி அவர் வீட்டில், இப்போது கள்ளச் சாவியும் கடையில் வாங்கிய வயரும் அவரிடம் என்று கணக்குப் போட்டேன். எங்கள் உழைப்பெல்லாம் ஒரு நாள் காப்பாருக்குப் போய்விடும். ஞாயிறு போவதை நிறுத்தினேன். காயில் வயரை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவரும் கூப்பிடவில்லை. அப்படியே இருக்கும்போதுதான் அந்தத் தொலைபேசி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நானும் பரமுவும் கொட்டகையைப் பார்க்கப் போனோம். வண்டி இருந்தது. மேலே போர்வை போட்டுக் கட்டியிருந்தது. அண்ணி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து பானெட் மேல் வைத்தார்.

“உங்க ரெண்டு பேர் சாமான். அவரு வச்சிருந்தாரு.”

திறந்தேன். ரோட்டர் இருந்தது. அதனடியில் ஒரு சாவி. அதற்கும் அடியில் பிளாஸ்டிக் உறையில் ஒரு காயில் வயர்.

பரமு என்னைப் பார்த்தான். நான் நினைத்தது சரிதான். மூன்றும் அவர் கையில் இருந்திருக்கின்றன. நினைத்த நாளில் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

சாவியை வெளிச்சத்தில் பிடித்தேன். புதிதாக வெட்டிய சாவியின் பற்களில் மயிரிழை போலப் பிசிறு நிற்கும். ஒரே ஒரு தடவை பூட்டில் நுழைத்துத் திருப்பினாலும் அது மழுங்கிவிடும். இதில் பிசிறு அப்படியே இருந்தது, விரலைக் குத்தியது. வயரை எடுத்துப் பார்த்தேன். இரண்டு முனையிலும் பித்தளை பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. அது எந்தக் காயிலிலும் ஏறியதே இல்லை.

“வண்டி எப்படி அண்ணி நகர்ந்துச்சு?” என்று கேட்டேன்.

“எப்ப? அந்த மழையிலயா? கொட்டகை வாசல் வரைக்கும் தண்ணி வந்திருச்சு. லயத்து வீட்டு ஆளுங்களக் கூட்டி மேட்டுப் பக்கமாத் தள்ளினாரு. உங்ககிட்ட சொல்லலையா?”

“சொன்னாரு,” என்றேன்.

“சாவியும் வயரும் எதுக்காம்?” என்றான் பரமு.

“‘ரெண்டு பயலும் எங்கயாச்சும் தொலைச்சிட்டு வந்து நிப்பானுங்க’ன்னாரு.”

அதை நான் முழுதாக நம்புகிறேனா? இல்லை. அந்தச் சாவியை வெட்டிய நாளில் அவர் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தவுக்கேயிடம் என்ன பேசினார் என்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது பிசிறு மட்டும். அதை நான் கேள்விப்படவில்லை, பார்த்தேன். சம்பிரதாயத்துக்காக அழுது மன்னிப்புக் கேட்க எனக்கு வரவில்லை. கேட்டிருந்தால் அவரும், “என்ன வேணும் இப்ப உனக்கு?” என்றுதான் கேட்டிருப்பார்.

ரோட்டரை நானே வைத்துக்கொள்ளச் சொன்னான் பரமு. முடியாது என்றேன். அதை அண்ணியிடம் கொடுத்து, மூன்றாவது ஆள் இனி அவர்தான் என்று சொன்னோம். அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு பரமுவிடம், “உன் சாவி எங்க? காட்டு,” என்றார். பரமு அவசரமாகப் பையைத் தடவினான். அண்ணன் இருந்த வீடு என்பது அந்தக் கணத்தில் நன்றாகத் தெரிந்தது.

புது வயரைப் பரமுவிடம் கொடுத்தேன். வெட்டிய சாவியை நான் எடுத்துக்கொண்டேன்.

“அப்ப உன்கிட்ட சாவியும் இருக்கு, வயரும் இருக்கு,” என்றான் பரமு. “நான் எதுக்குடா?”

“உன்கிட்டயுந்தான் ரெண்டும் இருக்கு. எப்ப வேணும்னாலும் என் வீட்டுக்கு வந்து பிசிறு இருக்கான்னு தடவிப் பார்த்துக்க.”

போன ஞாயிறு வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனான். இருக்கிறது.