அத்தை கேட்ட பிறந்த தேதி

என் அப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே தாத்தா வீட்டை விட்டுப் போய்விட்டார். பழைய பத்திரங்கள், பள்ளிப் பதிவேடு என்று பல வருடம் தேடி, பள்ளிப்பட்டில் அவருடைய இரண்டாம் குடும்பத்தைக் கண்டுபிடித்தேன். போன ஆடியில் திருத்தணியிலிருந்து பஸ் ஏறினேன்.

அங்கே தாத்தாவின் மகள் மட்டும்தான் இருந்தார். எனக்கு அத்தை முறை.

"எங்கண்ணன் புள்ளையா? இத்தினி வருசமா எங்கய்யா இருந்தே?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க நைனா என்னைத் தோள்ல தூக்கினுதான் திருத்தணி மலை ஏறுவாரு."

அப்பாவுக்கு அவர் முகம்கூடத் தெரியாது.

"நைனா பொறந்த தேதிதான் எங்களுக்குத் தெரியல. உங்கிட்ட கீதா?"

இருந்தது. மாதம், கிழமையோடு எழுதி வைத்திருந்தேன். இவர்களிடம் இல்லாத ஒன்றாவது எங்களுக்கு இருக்கட்டும் என்று தோன்றியது.

"கெடைக்கல அத்தை" என்றேன்.

அத்தை என்னை உற்றுப் பார்த்துச் சிரித்தார். "பொய் சொன்னா எங்க நைனாவும் இப்படித்தான் காதைப் புடிச்சிக்குவாரு!"

கையைக் கீழே இறக்கினேன். தேதியைச் சொல்லிவிட்டேன்.

அப்பாவும் பொய் சொல்லும்போது காதைத்தான் பிடித்துக்கொள்வார். தாத்தா அவருக்கு எதையுமே விட்டுப் போகவில்லை என்றுதான் என் குறிப்புகளில் எழுதியிருந்தேன்.