ஏற்றிவிட்ட குரல்

கல்யாண வரவேற்பில் பாடுகிறவளின் பாட்டை யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. பந்தியில் இடம் பிடிக்க வேண்டும், மணமக்களோடு நின்று படம் எடுக்க வேண்டும், பல வருஷமாகப் பேசாத பங்காளியைப் பார்க்காத மாதிரி நடக்க வேண்டும். இத்தனை வேலைக்கு நடுவில் பாட்டு எங்கிருந்து காதில் ஏறும்? எனக்கு அது வசதியாகவே இருந்தது. சிங்காநல்லூரில் எங்கள் வீடு, முன்னறையில் ஒத்திகை. என் கணவர் மெல்லிசைக் குழு நடத்துகிறார். அவர் மிக்சர் முன்னால் உட்கார்ந்து ஒலியைக் கவனிப்பார், நான் மேடையில் நின்று பாடுவேன். உடுமலைப்பேட்டைத் தோப்புக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்திலிருந்து கோயமுத்தூர் மில்காரர்கள் வீட்டுக் கல்யாணம் வரை பாதிக்கு மேல் நாங்கள் பார்த்தவைதான்.

செல்போன் வந்து அந்த நிம்மதியைக் கெடுத்தது. பல்லடத்தில் ஒரு மண்டபத்தில் பாடும்போது, மேலே ஏறும் ஓர் அடியில் கொஞ்சம் சறுக்கினேன். சளி பிடித்திருந்தது, அவ்வளவுதான். எந்தப் புண்ணியவானோ அதை மட்டும் வெட்டி எடுத்து, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களோடு வாட்ஸப்பில் சுற்ற விட்டான். ஊரெல்லாம் சுற்றி என் தம்பியின் போனுக்கும் வந்து சேர்ந்தது. எனக்குக் கோபம் வந்தால் சோறு இறங்காது. அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் என்னிடம் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் என் கணவர் ஒரு பெட்டியை வாங்கி வந்தார். பார்க்க டிபன் பாக்ஸ் அளவுதான்.

"பாடறப்ப சுதி சித்த விலகுச்சுன்னா, இது புடிச்சு நேரா வெச்சுப்போடும் அம்மணி. இப்ப பெரிய பெரிய பாடகருங்களுக்கெல்லாம் இதத்தான் போடறாங்க. இது இல்லாம ஒரு பாட்டு வெளிய வாரதில்ல."

அவர் சொன்னது உண்மைதான். ரேடியோவில் வரும் புதுப் பாட்டு எதைக் கேட்டாலும் ஒரு குரலும் இம்மி பிசகுவதில்லை. மூச்சு வாங்குவதுகூடக் கேட்பதில்லை. அப்படிக் கேட்டுப் பழகிய காதுக்கு, சாதாரணமாகப் பாடுகிறவள் தப்பாகப் பாடுகிற மாதிரிதான் தெரியும். நான் ஒத்துக்கொண்டேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன்.

"வெளிய ஸ்பீக்கருக்கு வேணும்னா போட்டுக்குங்க. என்ற காதுக்கு என்ற குரல்தான் வரோணும்."

"ஆகட்டும்" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முன்பெல்லாம் மேடையில் பாடுகிறவர்களின் காலடியில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும், அதில் எங்கள் குரலைக் கேட்டுக்கொள்வோம். இப்போது இரண்டு காதிலும் அடைப்பான் மாதிரி ஒன்றை வைத்துவிடுகிறார்கள். மண்டபத்தின் இரைச்சல் கேட்காது, பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது, நம் குரலே நேராகக் கேட்காது. மிக்சரில் இருப்பவர் எதை அனுப்புகிறாரோ அது மட்டும்தான் கேட்கும். கட்டியவரைத் தவிர வேறு யாரிடமும் அந்த இடத்தைக் கொடுத்திருக்க மாட்டேன்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, எங்களுக்கு ஓய்வு. ஆவணி பிறந்ததும் மறுபடி ஓட்டம். அந்த முகூர்த்தக் காலத்தில் பாடிய மாதிரி என் வாழ்நாளில் நான் பாடியதில்லை. மேலே எவ்வளவு தூரம் போனாலும் குரல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. சாப்பிட வந்தவர்கள் இலையை விட்டுவிட்டு மேடைப் பக்கம் வந்து நின்றார்கள். ஒரு மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்கம்மா, உங்களுக்கு வயசே ஆகாதுங்களா?" என்று கேட்டார். நான் குளிர்ந்து போனேன். ஐம்பதை நெருங்கும்போது குரல் திறந்துகொள்ளும் என்று எங்கேயோ யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி யாரும் சொல்லவில்லை.

ஆனால் பாடி முடித்தால் களைப்பாக இருந்தது. கழுத்தில் யாரோ விரலை வைத்து லேசாக அழுத்துகிற மாதிரி இருக்கும். மாத்திரை விழுங்கினால் பாதியில் நிற்கும். பனியில் வருகிறது, பஞ்சு மில் தூசியில் வருகிறது என்று மிளகும் பனங்கற்கண்டும் போட்டு ஒப்பேற்றினேன். தொண்டை ஒன்று சொன்னது, காது வேறொன்று சொன்னது. நான் காதை நம்பினேன். பாடுகிறவள் காதைத்தானே நம்புவாள்?

மாசி மாதத்தில் தாராபுரத்தில் என் தம்பி மகளின் குழந்தைக்குத் தொட்டில் போட்டார்கள். பெண்கள் மட்டும் கூடியிருந்த சின்ன விசேஷம். மைக் இல்லை, ஒன்றும் இல்லை. "மேடைக்காரங்க ஊட்ல இருக்கறப்ப வேற யாரு பாடறது? பாடுங்கக்கா" என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நானும் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு தாலாட்டை ஆரம்பித்தேன்.

முதல் அடி சரியாக வந்தது. இரண்டாவது அடி மேலே போக வேண்டும். போகவில்லை. படி ஏறப் போனவள் பாதியில் நின்றுவிட்ட மாதிரி குரல் கீழேயே நின்றது. கூடவே காற்றும் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. எப்படியோ கீழேயே ஒப்பேற்றி முடித்தேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. சோற்றில் உப்பே இல்லை என்றாலும் தன் நாக்கைக் குறை சொல்லிக்கொண்டு எழுந்து போகிற ஜனங்கள். என் நாத்தனார் முறையாகும் ஒருத்தி, "கொழந்தை எப்படித் தூங்கிப்போச்சு பாருங்க" என்றாள். இன்னொருத்தி தட்டில் வெல்லக் கச்சாயம் கொண்டு வந்து நீட்டினாள். ஒருத்தியாவது என்னைப் பார்த்து, 'உனக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பேன்.

திரும்பி வரும் வழியில் காரில் அவரிடம் சொன்னேன். சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் நின்றிருந்தன, ஒன்றும் சுற்றவில்லை.

"என்ற குரல் மேல போக மாட்டேங்குதுங்க."

"தூசியா இருக்கும்" என்றார். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. பிறகு பல்லடம் வரும் வரை அவர் பேசவில்லை. அந்த மனுஷர் கார் ஓட்டினால் வாய் ஓயாது; லாரிக்காரன் முதல் ரோடு போட்டவன் வரை எல்லாரையும் திட்டிக்கொண்டே வருவார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் முன்னறையில் மிக்சரைப் போடச் சொன்னேன். அடைப்பான்களைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"பெட்டிய எடுத்துப்போட்டு வெறும் குரலக் குடுங்க."

எதையோ தள்ளினார், எதையோ திருகினார். "எடுத்தாச்சு, பாடு" என்றார்.

பாடினேன். தாலாட்டின் அதே இரண்டாவது அடி. என் குரல் மேலே போய் அழகாக உட்கார்ந்தது. எனக்கு உயிர் வந்தது. தாராபுரத்தில் ஏதோ கோளாறு, ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே மறுபடி பாடினேன். பாடிக்கொண்டிருக்கும்போதே ஏன் என்று தெரியாமல் ஒரு பக்கத்து அடைப்பானை மட்டும் கழற்றினேன்.

அந்த அறையில் இரண்டு பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு காதில் ஒருத்தி மேலே நின்று கணீரென்று பாடினாள். இன்னொரு காதில் ஒருத்தி கீழே நின்று மூச்சுத் திணறினாள். இரண்டுக்கும் வாய் என்னுடையது.

பாட்டை நிறுத்தினேன். காதில் கேட்டவளும் நின்றாள்.

"எடுத்துட்டேன்னு சொன்னீங்க."

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எத்தன நாளாங்க இது என்ற காதுல வருது?"

"கொஞ்ச நாளாத்தான். சோர்ந்து போயிட்டியே, கேட்டா மனசு கஷ்டப்படுவேன்னுதான் போட்டேன். வயசானா எல்லாருக்கும் சுதி எறங்கறதுதானே அம்மணி."

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். கத்துவதற்கும் குரல் வரவில்லை. அப்போதுதான் நிஜமாகப் பயந்தேன்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் இளம் பெண். மெல்லிய குழாயில் கேமராவைக் கட்டி மூக்கு வழியாக இறக்கி, திரையில் என் தொண்டையைக் காட்டினார். உள்ளே வெளுப்பாக இரண்டு மடிப்புகள். "ஈ..." என்று சொல்லச் சொன்னார். ஒன்று துள்ளி நகர்ந்தது, மற்றொன்று அப்படியே கிடந்தது. பிறகு கழுத்தைத் தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் அவர் விரல் நின்றது. தைராய்டில் கட்டி இருக்கிறது, அது குரல் நரம்பை நெருக்குகிறது என்று நினைப்பதாகச் சொன்னார்.

"குரல் எப்ப இருந்துங்க மாறுச்சு?"

"பத்து நாளா இருக்குமுங்க" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர் கம்ப்யூட்டரில் அதைத் தட்ட ஆரம்பித்தார். என் பின்னால் நின்றிருந்த என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"ஆவணியில இருந்துங்க" என்றார்.

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, டாக்டரிடம்தான் சொன்னார்.

"மொதல்ல மேல் சுதி மட்டும் சித்த எறங்குச்சுங்க. ஐப்பசில அரை சுரம் எறங்கிப்போச்சு. தையில இன்னும் கீழ. நான் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஏத்தி ஏத்தி வெச்சுட்டு வந்தேனுங்க."

சொல்லும்போது அவருடைய கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் காற்றில் ஒரு திருகைத் திருகின. எந்த மாதம் எவ்வளவு இறங்கியது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. நான் மேடையில் நின்று, வயசே ஆகவில்லை என்று பூரித்துக்கொண்டிருந்தபோது, இருபது அடி தள்ளி உட்கார்ந்து அவர் என் குரல் போவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

டாக்டரும் எங்கள் ஊர்ப் பெண்தான். "பரவாயில்லைங்க, இப்பவாவது வந்தீங்களே" என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. பரவாயில்லை என்றால் அவர் முகம் ஏன் அப்படிப் போனது?

கட்டி நரம்பைச் சுற்றி வளர்ந்திருந்தது. அறுவை சிகிச்சையில் கட்டியோடு அந்தப் பக்கத்து நரம்பையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. பாட்டு போயிற்று. பேச்சு, பாதி காற்றும் பாதி குரலுமாகத் திரும்பி வந்தது. கல்யாணத்தில் எடுத்த வீடியோக்கள் மட்டும் இன்னும் போன்களில் சுற்றுகின்றன. ஆவணிக்கும் மாசிக்கும் நடுவில் எடுத்தவைதான் நிறையப் பேருக்குப் பிடித்திருக்கிறதாம். அதில் பாடுவது யார் என்று எனக்கே தெரியாது. நான் அதை வீட்டில் போட விடுவதில்லை.

வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"இன்னொரு பக்கத்த கவனமாப் பாத்துக்கோணுமுங்க. அங்க திரும்ப ஏதாவது வந்தா, ஸ்கேன்ல தெரியறதுக்கு முந்தியே குரல்ல தெரியலாம். உங்களுக்கே கேக்காதுங்கம்மா, தெனமும் பேசிப் பழகிரும். கூட இருக்கறவங்கதான் கேட்டுச் சொல்லோணும்." பிறகு என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "சாருக்கு ஒலி வேலைதானுங்களே. உங்கள விட நல்ல காது யாருக்கு இருக்கு?"

அவர் தலையை ஆட்டினார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரை நான் வெறுக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் எனக்குக் கஞ்சி ஊட்டியது அந்தக் கைதான். என் மனம் நோகக் கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு எண்ணம் இருந்ததே இல்லை. எனக்குப் பயமே அதுதான்.

தினமும் காலையில் காபியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு எதிரில் உட்காருவார். "ஏதாச்சும் பேசு அம்மணி" என்பார். பால்காரர் தண்ணீர் ஊற்றுவதைப் பற்றியோ எதிர் வீட்டுக்காரர் குப்பையை எங்கள் வாசலில் தள்ளுவதைப் பற்றியோ பேசுவேன். கண்ணை மூடிக் கேட்பார். கேட்டு முடித்ததும் "நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை" என்பார். ஒரு வருஷமாக ஒரு நாள் தவறாமல் தேவலையாகிக்கொண்டே வருகிறேன். இந்த வாரம் தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறது.

இன்று காலையும் பேசினேன். பாதியில் அவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"எப்படி இருக்குதுங்க?" என்றேன்.

"குளிருக்கு சித்த அப்படித்தான் இருக்கும். சுடுதண்ணி வெச்சுக் கொண்டாரேன்" என்று எழுந்து சமையலறைக்குப் போனார். பங்குனி வெயில் அதற்குள் வாசல் வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

அவர் அடுப்பைப் பற்ற வைக்கும் சத்தம் கேட்டதும் நான் டாக்டருக்குப் போன் செய்தேன். குரல் மாறியிருக்கிறது, இன்றைக்கே வருகிறேன் என்று சொன்னேன். யார் சொன்னார்கள் என்று கேட்டார். வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டேன்.