அத்தையின் முதல் கிண்ணம்

எங்கள் வீட்டில் காளான் குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் அத்தைக்குத்தான். அப்பாவுக்குக் கூட அப்புறம்தான். மற்ற நாளெல்லாம் கடைசியாக உட்கார்ந்து சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவள் அத்தை. காளானுக்கு மட்டும் இந்த ராஜ மரியாதை. அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரியும்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. மாகறலில் வாழப்போனவள். மாமா இறந்ததும், பிள்ளைகுட்டி இல்லாததால், உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அப்போது நான் மூன்றாம் வகுப்பு.

காளான் பார்க்க எங்களைக் கூட்டிப் போவதும் அத்தைதான். இடி இடித்து நல்ல மழை பெய்து ஓய்ந்தால், காலையில் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் பின்னாலேயே ஓடுவோம். ஏரிக்கரையைத் தாண்டினால் முள்ளுக்காடு. அங்கே நடப்பதற்கு அத்தை சட்டம் வைத்திருந்தாள். புற்றின் மேல் கால் படக்கூடாது. காளானைக் கண்டால் விரலை நீட்டக்கூடாது, நீட்டினால் அழுகிவிடுமாம். முகவாயால்தான் காட்ட வேண்டும். நான் காட்டுவதைப் பார்த்து அக்கா, "ஆடு தழைக்கு எக்கற மாதிரியே கீது" என்று சிரிப்பாள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சட்டம், புற்றை நோண்டக்கூடாது என்பது. ஆடி மாதம் பால் ஊற்றிக் கும்பிடுகிற புற்று அல்லவா? அதனால் காளானை வேரோடு பிடுங்க மாட்டோம். தரையோடு ஒட்டிக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி எடுப்போம். ஊரில் எல்லோரும் அப்படித்தான். வெள்ளைக் குடை, நடுவில் லேசான பழுப்பு, பக்கத்தில் புற்று இருந்தால் நல்ல காளான். குப்பைமேட்டில் முளைத்தால் நாய்க்குடை. இதை நான் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன்.

பிள்ளைகளே, இதை நம்பி நீங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். மிச்சத்தையும் படியுங்கள்.

அப்புறம் ஒரு வருஷம் மழை விட்டதும், ஒரு புற்றைச் சுற்றிக் கொஞ்சமும், அதைத் தாண்டிப் புல்லில் நிறையவுமாக வெள்ளை வெளேரென்று முளைத்திருந்தது. அத்தை குனிந்து மோந்து பார்த்தாள். கொஞ்சம் யோசித்த மாதிரிதான் இருந்தது.

"புத்துப் பக்கத்துலதான கீது. கிள்ளுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து மஞ்சள் தண்ணீரில் அலசி, சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்து ஊற்றி, அம்மா குழம்பு வைத்தாள். வாசனை தெருவுக்கே போனது. அத்தைக்குக் கிண்ணம் போனது. எங்களுக்கு வெயில் தாழ்ந்த பிறகுதான். காளான் ஆறினால்தான் ருசி என்று அம்மா சொல்லியிருந்தாள்.

"அத்தைக்கு மட்டும் இன்னாத்துக்கு சுடச்சுட?" என்று கேட்டேன்.

"வாய மூடிக்கினு குந்துடா" என்றாள் அம்மா.

அத்தைதான் சிரித்தாள். "நான் மகாராணிடா. மகாராணி துன்னப்புறம்தான் மத்தவங்க துன்னணும்."

வெயில் இன்னும் தாழவில்லை. நான் குழம்புச் சட்டிக்குப் பக்கத்திலேயே காவல் இருந்தேன். மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஓக்காளிக்கிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், அத்தை மண்டியிட்டு வைக்கோலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறாள். முகம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. என்னைப் பார்த்ததும் அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"சட்டியக் கவுக்கச் சொல்லுடா! யாரும் தொடாதீங்க!"

அம்மா சட்டியோடு தூக்கிக் குப்பையில் கொட்டினாள். அவசரத்தில் பாதி அவள் புடவையிலேயே கொட்டிக்கொண்டது. அப்பா வண்டி பூட்டினார். வண்டியில் வைக்கோல் பரப்பி அத்தையைப் படுக்கவைத்தார்கள். வழியெல்லாம் அவளுக்கு வாந்தியும் பேதியும். உத்திரமேரூர் ஆஸ்பத்திரி வருவதற்குள் கண் மேலே செருகிவிட்டது. அம்மா, "அண்ணி, அண்ணி" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா ஊசி போட்டு, குளுக்கோஸ் பாட்டில் மாட்டிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார்.

"காளானை எத்தனை பேர் சாப்பிட்டீங்க?"

"இவங்க மட்டும்தாங்க" என்றார் அப்பா.

"ஒரு சட்டி குழம்பு வச்சிட்டு, அது எப்படி இவங்க மட்டும்?"

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன், பெருமையாகத்தான் சொன்னேன்: "எங்க வூட்ல எப்பவும் அத்தைக்குத்தான் மொதல்ல குடுப்போம்!"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நான் சரியாகத்தானே சொன்னேன், பெரியவர்கள் ஏன் இப்படி அடி வாங்கினது மாதிரி நிற்கிறார்கள் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அத்தை பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, நடக்கத் தெம்பு வந்ததும், எங்களை அதே முள்ளுக்காட்டுக்குக் கூட்டிப் போனாள். இந்தத் தடவை கூடை இல்லை, கையில் களைக்கொட்டு. புற்றோரம் புதிதாக முளைத்திருந்த ஒன்றைச் சுற்றி மெதுவாகத் தோண்டினாள். காம்பு எலி வால் மாதிரி புற்றுக்குள் நீளமாக இறங்கிப் போனது. புல்லில் இருந்ததைப் பிடுங்கினாள். வாலே இல்லை, அடியில் குமிழ்தான்.

"கிள்ளிக் கிள்ளியே இதைப் பார்க்காம வுட்டுட்டோம்" என்றாள்.

"புத்தை நோண்டினா அம்மன் கோச்சுக்காதா?" என்றாள் அக்கா.

"நான் செத்திருந்தா மட்டும் சிரிக்குமா?"

அடுத்த வருஷம் மழைக்கு வால் பார்த்து வால் பார்த்துக் கொஞ்சம்தான் எடுத்தோம். குழம்பு கொதித்தது. அத்தை வழக்கம்போல் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தாள். அம்மா இன்னொரு கிண்ணத்தை எடுத்துவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழுந்திரும்மே. உனக்கு ரெண்டு புள்ளைங்க கீது."

"நீங்க சும்மா துன்னுங்க, அண்ணி" என்று அம்மா சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் வீட்டில் ஒரு மகாராணிதான். இப்போது இரண்டு.